அளந்து பார்த்த கெர்னல்

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்காரரின் அக்கா, உள்ளங்கை அகலமே உள்ள ஒரு கணினிக்குக் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் சார்ஜ் போட்டுவந்தாள். ஆறு வருஷமாக. சுவர்க் கடிகாரம் தப்பியிருக்கிறது, அவள் தப்பியதில்லை. மின்சாரம் போய்விட்டால் அதைத் துணிப்பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு, ஜெனரேட்டர் வைத்திருக்கும் மருந்துக்கடைக்கு மூன்று தெரு ஓடுவாள். தன் மூட்டுவலிக்கு மாத்திரை வாங்க அதே கடைக்குப் போகச் சொன்னால் மட்டும், "நாளைக்குப் பாக்கலாம்" என்பாள்.

"என்னைத் தூக்கி வளத்தப்பகூட இப்படி மணி பாத்துப் பால் குடுத்திருக்க மாட்ட" என்பார் தம்பி.

"நீ ஊரே திரும்பிப் பாக்கற மாதிரி அழுது வாங்கிக்குவ. அது அழாதுடா" என்பாள் அக்கா.

அந்தக் கணினி அத்தானுடையது. அத்தான் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கட்டடம் கட்டடமாக ஏறி, கயிறு, பிரேக், கதவு என்று குறித்துக்கொள்ள இலாகா கொடுத்த கருவி அது. ஓய்வு பெற்றபோது, பழசுதானே என்று அவரிடமே விட்டுவிட்டார்கள். பிற்பாடு தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போனதும், அத்தான் அந்தச் சின்னத் திரையில் பிளாஸ்டிக் குச்சியால் எழுதித்தான் பேசினார். எட்டு மாதம். அவருடைய கையெழுத்தைப் பார்த்து, மருந்துச் சீட்டு எழுதிப் பழகிய டாக்டர்களே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் அடுப்படியில் நின்றபடியே எட்டிப் பார்த்துப் படித்துவிடுவாள்.

கடைசி நாள் காலையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவர் நெடுநேரம் என்னவோ எழுதி அவளிடம் நீட்டினார். அக்கா அப்போது விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். "இருங்க, அப்புறம் பாக்கறேன்" என்றாள்.

அப்புறம் பார்த்தபோது அத்தான் இல்லை. கருவியும் உறைந்து, கம்பெனிச் சின்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அதே சின்னம்.

அந்தக் காலத்துக் கருவிகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எழுதியதையெல்லாம் மின்சாரம் இருக்கிறவரைக்கும்தான் நினைவில் வைத்திருக்கும். பேட்டரி முழுதாகத் தீர்ந்தால் அத்தனையும் துடைத்துவிட்டது போலாகிவிடும். இரண்டு வருஷம் இப்படிக் காத்த பிறகு கொண்டுபோய்க் காட்டியபோது, ரிப்பேர் கடைக்காரன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மொத்தமா அழிச்சிட்டா புதுசு மாதிரி ஓடும்மா" என்றான். அக்கா அவனைப் பார்த்த பார்வையில் அவன் கடையை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டதாகக் கேள்வி.

அன்றைக்குத்தான் தம்பி வாக்குக் கொடுத்தார். "கவலப்படாத. இதை நான் எழுப்பறேன்."

தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர். அவர் முறைத்தால் கோளாறான லைன்கூட இரண்டாவது மணியில் சரியாகிவிடும் என்று அங்கே பேச்சு; பேச்சைக் கிளப்பியவரும் அவர்தான். கணினியை முடுக்கியதும் முதலில் கண்விழிப்பது கெர்னல் என்ற அடிப்படை மென்பொருள். அத்தான் கருவியில் உள்ள பழைய கெர்னல் எங்கோ தடுக்கி விழுந்துவிட்டது. அதற்குப் பதிலாக லினக்ஸ் கெர்னல் ஒன்றை மெமரி கார்டில் வைத்து எழுப்பினால், அது நினைவகத்தில் உள்ளதை அப்படியே கார்டுக்குப் பிரதி எடுத்துக்கொடுக்கும். கணக்கு அவ்வளவுதான்.

ஒரு மெஷினுக்கு மட்டும் எழுதியிருந்தால் ஆறே மாதத்தில் முடிந்திருக்கும். ஆனால் எக்ஸ்சேஞ்ச்காரருக்குச் சின்னதாக எதையும் செய்யத் தெரியாது. ஒரு அலமாரி அடிக்கச் சொன்னால் கல்யாண மண்டபத்துக்கு வரைபடம் போடுகிறவர். உலகத்தில் உள்ள எல்லாக் கையடக்கக் கணினிக்கும் ஒரே கெர்னல் என்று ஆரம்பித்தார். எந்தக் கருவியில் போட்டாலும் அது கண்விழித்து, "நான் யார் வீட்டில் இருக்கிறேன்?" என்று தானே தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். திரை எவ்வளவு, பொத்தான் எத்தனை, நினைவகம் எவ்வளவு, எல்லாவற்றையும் அதுவே கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அந்த வீட்டுக்கேற்ற மற்ற மென்பொருளைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

நாலு வருஷம் ஓடியது. மாடி அறையில் கட்டிலைத் தவிர மற்ற இடமெல்லாம் கருவிகள். மீட்டர் கணக்கெடுத்தவை, கிடங்கில் பெட்டி எண்ணியவை, பஸ்ஸில் டிக்கெட் அடித்தவை. செத்துப்போன கருவிகள் தாமாகவே வழி கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்து வந்தன என்று சொன்னாலும் நம்பலாம். நாற்பது மெஷின். நாற்பதிலும் ஒரே கார்டு, ஒரே கெர்னல். நாற்பதாவது எழுந்து லினக்ஸின் சின்னமான பென்குவின் படத்தைக் காட்டியபோது அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணி கீழே விழுந்தது.

"இனி ஒண்ணுதான் பாக்கி" என்று நண்பருக்குப் போன் செய்தார்.

நண்பரும் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்தான். எதைக் காட்டினாலும் குறை கண்டுபிடிப்பார் என்பதால் அவருக்கு நொட்டை என்று பெயர். அந்தப் பெயரிலும் குறை சொல்லியிருக்கிறார்.

"அது சரி, நினைவகம் எவ்வளவுன்னு உங்க கெர்னல் எப்படிக் கண்டுபிடிக்குது?" என்றார் நொட்டை.

"அளக்கும்யா. அதான் அதோட அழகே."

"அத்தான் மெஷின்ல எவ்வளவுன்னு நமக்குத் தெரியுமே. பெட்டியிலேயே அச்சடிச்சிருக்கான். அந்த ஒண்ணுக்கு மட்டும் அளவை நேரா எழுதிக் குடுத்துடுங்க. எதுக்கு அளக்கணும்?"

"விதிவிலக்கு வச்சா அப்புறம் அது எப்படிய்யா எல்லாத்துக்கும் ஒரே கெர்னல்? நாற்பது மெஷினுக்கு இல்லாத சலுகை இதுக்கு மட்டும் என்ன?"

"சலுகை இல்லீங்க. அதுல ஆள் இருக்கு. மத்த நாற்பதும் காலி வீடு."

"உமக்கு நொட்டை சொல்லாட்டி சாப்பாடு இறங்காது" என்று போனை வைத்துவிட்டார் எக்ஸ்சேஞ்ச்காரர். காலி வீடு என்ற வார்த்தை காதுக்குள் கொஞ்ச நேரம் முனகியது. அதை நொட்டையின் பொறாமை என்று முடிவுகட்டினார்.

மறுநாள் முற்பகலில் அக்கா வீட்டுக்குப் போனார். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அதன்மேல் வெள்ளைத் துண்டை விரித்து, அக்கா கருவியைக் கொண்டுவந்து வைத்தாள். தலை வாரி நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"வலிக்காமப் பண்ணு" என்றாள்.

"ஆப்பரேஷனா பண்றேன்? கார்டைச் சொருகி ரெண்டு பொத்தானை அமுக்கப் போறேன்."

அமுக்கினார். கம்பெனிச் சின்னம் மறைந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாகத் திரை கறுத்தது. அக்கா அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மூலையில் பென்குவின் வந்தது, கீழே வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஏறின. நாற்பது மெஷினில் ஒன்றுகூட இவ்வளவு அழகாக எழுந்ததில்லை. திரை, பொத்தான், பேட்டரி எல்லாம் சரி. நினைவகம் அறுபத்து நான்கு மெகாபைட், எல்லா இடமும் எழுதிப் படித்துச் சோதிக்கப்பட்டது, பழுதில்லை.

எழுதிப் படித்து.

எக்ஸ்சேஞ்ச்காரர் அந்த வரியைப் பார்த்தார். நாலு வருஷத்துக்கு முன்னால், முதல் வாரத்தில் எழுதிய துண்டு அது. நினைவகத்தை அளக்க அதுதான் பத்திரமான வழி: ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண்ணை எழுதுவது, திரும்பப் படிப்பது, படிக்க முடிந்தால் இடம் இருக்கிறது என்று கணக்கு. பிரதி எடுக்கவேண்டுமானால் அளவு தெரியவேண்டும். அளவு தெரிய எழுதிப் பார்க்கவேண்டும். எழுதிய பிறகு பிரதி எடுக்க என்ன இருக்கும்? காலி வீடுகளில் அந்தக் கேள்வியே வரவில்லை.

"எழுந்துடுச்சா?" என்றாள் அக்கா.

"எழுந்துடுச்சு."

"அப்ப அவர் எழுதினதைக் காட்டு."

அவர் காட்டவில்லை. கார்டை எடுத்து, பையிலிருந்த மடிக்கணினியில் போட்டு, கெர்னல் எடுத்துவைத்திருந்த பிரதியைத் திறந்தார். முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம். எங்கும் அவர் வைத்த அதே சோதனை எண், அணிவகுப்பில் நிற்கிற மாதிரி வரிசை வரிசையாக. இன்னும் கீழே போனார். இன்னும் கீழே. பத்து நிமிஷம் போய்க்கொண்டே இருந்தார். அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"போச்சா?"

முப்பத்திரண்டு வருஷம் லட்சம் பேரை ஒருவரோடு ஒருவர் பேசவைத்தவர், ஆம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

"கரன்ட் போகலியே. நான் ஒருவேளைகூட விடலியே."

"உன் தப்பில்லக்கா. நான்தான் அழிச்சேன். அதைக் காப்பாத்தறதுக்கு முன்னாடி அளந்து பாத்தேன். அளக்கறதுக்காக அது மேலயே எழுதினேன். அந்த நொட்டை சொன்னான். நான் கேக்கல."

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். திரையில் இன்னும் பென்குவின் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது.

"என்னடா எழுதின?"

"ஒரு எண். சும்மா, சோதனைக்கு."

"எத்தனை தடவ?"

"ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம்."

அக்கா அந்தத் தொகையை மனதுக்குள் உருட்டிப் பார்த்தாள். "நீ பேச ஆரம்பிச்சா யாரையும் பேச விடமாட்ட. அவர் குரல் போறதுக்கு முன்னாடியே சொல்லுவார், உன் தம்பி வந்தா எனக்கு லீவுன்னு."

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். டம்ளரைத் தூக்கி எறிந்திருந்தால் குனிந்து பொறுக்கியிருப்பார். அவள் முந்தானையால் மேசையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்தாள்.

"அந்த விரிப்பை அப்புறமா மாத்தியிருக்கலாம்" என்றாள், அவரிடம் இல்லை.

சாயங்காலம்வரை அவர் போகவில்லை. போகச் சொல்லவும் இல்லை அவள். அவர் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு மூலையில் கெர்னல் எட்டாத இடம் இருக்குமா என்று தேடிக்கொண்டே இருந்தார். இல்லை. ஒரு அங்குலம் விடாமல் வேலை செய்திருந்தது. நாலு வருஷமாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட அதே ஒழுங்கு.

ஆறு மணிக்குச் சுவர்க் கடிகாரம் அடித்தது. அக்காவின் கை பழக்கத்தில் சார்ஜரை நோக்கிப் போய், பாதி வழியில் நின்றது. திரையில் பேட்டரி குறைகிறது என்று வரி வந்தது. பழைய சின்னம் இப்படியெல்லாம் மரியாதையாக அறிவித்ததில்லை. எக்ஸ்சேஞ்ச்காரர் துள்ளி எழுந்து ஒயரைப் பிடித்தார்.

"குடு, நான் போடறேன். தினமும் நானே வந்து போடறேன்."

"விடுடா" என்றாள் அக்கா. "ஒரு கோடி தடவ எழுதினதுக்குக் காவல் வேற காக்கணுமா?"

ஒயரை அவர் கையிலிருந்து வாங்கி, பிளக்கிலிருந்து உருவிச் சுருட்டினாள். ஆறு வருஷம் ஒரே இடத்தில் மடங்கிக் கிடந்த ஒயர், எவ்வளவு இழுத்துச் சுற்றினாலும் அந்த மடிப்பிலேயே போய் நின்றது. இரண்டு தரம் முயன்றுவிட்டு, அப்படியே மேசைமேல் வைத்தாள். சிறிது நேரத்தில் திரை அணைந்தது. அக்கா வெள்ளைத் துண்டின் நான்கு ஓரங்களையும் எடுத்து அதன்மேல் போர்த்தினாள்.