பன்னிரண்டு பிட்

சேலம் போய்த் திரும்பிய கணவன் அமீர் ஜான், கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தியிருந்த ஐ.சி. சில்லைக் கடை மேசைமேல் வைத்தபோதே ஜைனப் அதன் முதுகிலிருந்த எண்ணைப் படித்துவிட்டாள். அவள் எழுதிக் கொடுத்த எண் அல்ல அது.

"ஏனுங்க, நான் எழுதினது எட்டு பிட் சில்லுங்க."

"எட்டு பெருசா, பன்னெண்டு பெருசா? இது நொம்ப நுணுக்கமா அளக்குமாம். டிப்ளமா படிச்சவளுக்கு இது தெரியாதாக்கும்."

"நுணுக்கம் வேண்டாங்க, வேகந்தான் வேணும். மின்னலடிச்சா கரண்ட் லைன்ல வர்றது நாலஞ்சு மைக்ரோ செகண்டுல போயிரும். இதுக்கு ஒருக்கா அளக்கவே இருபத்தஞ்சு ஆகும்."

அவன் சாலிடரிங் அயர்னைச் செருகினான். ஏற்காட்டில் டி.வி. பழுது பார்க்க அவனை விட்டால் ஆளில்லை. கல்யாணமாகி ஏழு மாதத்தில், எந்தப் பேச்சு எங்கே முடியும் என்று ஜைனப்புக்குத் தெரிந்திருந்தது.

மாரமங்கலம் பக்கத்து எஸ்டேட்டில் அந்தக் கோடையில் இரண்டு முறை பம்பு மோட்டார் எரிந்திருந்தது. தண்ணீரில்லாமல் ஓடவிட்டு எரித்தது பம்புக்கார மாதப்பன்தான் என்றார் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் காளியண்ணன். இடி இறங்கியதென்றான் மாதப்பன். லைனில் வருவதைத் தாளில் பதிவு செய்ய ஒரு பெட்டி செய்து தரும்படி அமீர் ஜானிடம் சொன்னார் முதலாளி; அதற்குத்தான் அந்தச் சில்லு. அது காட்டுவதை வைத்துத்தான் மாதப்பனுக்கு வேலை உண்டா இல்லையா என்பது.

பெட்டியை மாட்டிய அன்று, மீட்டர் பிடிக்கப் போன ஜைனப்பிடம் மாதப்பன் தணிந்த குரலில் கேட்டான்: "ஏனுங்க அம்மிணி, இது பொய் சொல்லாதுங்களே?"

"சொல்லாதுங்க" என்றாள். பொய் சொல்லாது, மின்னலைப் பார்க்காது, அவ்வளவுதான். அமீர் ஜான் இரண்டடி தள்ளி நின்று திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான்.

பத்தாம் நாள் இடிமழையில் மூன்றாவது மோட்டாரும் போனது. பெட்டியிலிருந்து எடுத்த தாளில், அலைகள் புடவையில் நெய்த கரைபோல, மின்னலின் தடமே இல்லாமல், ஒரே சீராக ஓடியிருந்தன. அதைப் பார்த்ததும் ஜைனப்பின் மனதில் முதலில் எழுந்தது சந்தோஷம். நான் சொன்னேனே என்கிற சின்ன, அசிங்கமான சந்தோஷம். மாதப்பனின் நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது. எவ்வளவு பிறகு என்று அவள் அப்புறம் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"பாயி பொட்டி பன்னெண்டு பிட்டுங்க முதலாளி, இம்மியும் தப்பாது" என்று ரைட்டர் தாளை வாங்கி முதலாளியிடம் நீட்டினார்.

இரண்டு நாள் கழித்து, வேலை போன மாதப்பன் கடைக்கு வந்தான். தாளில் விழுந்த கோட்டை ஒருதரம் பார்க்க வேண்டும் என்றான். அமீர் ஜான் நகலை எடுத்து நீட்டினான்.

மாதப்பன் விரலால் ஒவ்வோர் அலையாகத் தடவிக்கொண்டே போனான். "அன்னிக்கு மொத மின்னலுக்கே லிவரை எறக்கி மோட்டாரை நிறுத்திட்டனுங்க" என்றான், யாரிடமென்றில்லாமல். "இதுல ஒண்ணுமே இல்லீங்களே அம்மிணி."

ஜைனப் வாயைத் திறந்தாள். கணவன் அவளைப் பார்க்கவில்லை. கழற்றிப் போட்ட ஒரு ரேடியோவுக்குள் குனிந்திருந்தான், காது மட்டும் இங்கே இருந்தது.

"இல்லீங்க" என்றாள்.

வெளியே சேர்வராயன் மலைப் பக்கம் பளிச்சென்று வெட்டியது. கடையிலிருந்த டி.வி.க்களில் ஒரு வெள்ளைக் கீற்று ஓடி மறைந்தது. தாளைப் பிடித்திருந்த மாதப்பனின் வலது கை தானாக மேலே எழுந்து, அங்கே இல்லாத லிவரைப் பற்றிக் கீழே இழுத்தது.