தண்ணீர் குடிக்காத மே மாதம்

1

இந்தக் கதை கொல்கத்தாவின் சால்ட் லேக்கில், எங்கள் அரசுக் குடியிருப்பின் மூன்றாம் மாடி பால்கனியில் கிடைத்தது. சரியாகச் சொன்னால், அங்கே மே மாதம் முழுக்கக் காய்ந்த ஒரு சின்ன மெத்தையில். வெயில் நாற்பதைத் தொட்டிருந்தது. காலை ஒன்பதுக்கெல்லாம் மெத்தை மொறுமொறுவென்று ஆகிவிடும். கொல்கத்தா வெயில் எங்களுக்குச் செய்த ஒரே உதவி அது.

மெத்தை என் மகளுடையது. ஏழு வயது. கதையில் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்றாள். "தாரான்னு வைங்க. நம்ம பில்டிங்ல தாராவே கிடையாது." வைத்துவிட்டேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "கோடை விடுமுறையில் ஒரு சிறுமி தண்ணீரை வெறுக்கத் தொடங்கினாள். ஏனென்று யாருக்கும்…"

பொய். ஏனென்று எனக்குத் தெரியும். [அந்த வாக்கியத்தை நீக்கவில்லை. ஒரு தகப்பன் எப்படி நழுவுகிறான் என்று நீங்கள் பார்க்க வேண்டாமா?] நான்தான் அவளிடம் சொன்னேன்: "ஆறு மணிக்கு மேல தண்ணி குடிக்காத. மெத்தை நனையாது."

எதிர்வீட்டுத் தித்லியின் பிறந்தநாளுக்கு அங்கேயே தங்கித் தூங்க அழைப்பு வந்திருந்தது. இன்னும் ஒரு வாரம்தான். தாரா யோசித்தாள். சாயங்காலம் குடிக்காமல் இருப்பது நல்லதென்றால், நாள் முழுக்கக் குடிக்காமல் இருப்பது இன்னும் நல்லதுதானே? கொடுத்த தண்ணீரையெல்லாம் பால்கனித் துளசிக்கு ஊற்றினாள். எங்கள் துளசி அப்படித் தழைத்ததே இல்லை. நான்தான் ஊற்றுகிறேன் என்று நினைத்து என் மனைவி ஷியாமளா என்னைப் பாராட்டவும் செய்தாள்.

3

மூன்றாம் நாள் மதியம் தாரா மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். தித்லியின் அம்மாதான் தூக்கி வந்தார்.

உடனே கிளினிக்குக்கு ஓடினோம். டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை, என்னைத் திட்டினார். "இந்த வெயில்ல தண்ணிய நிறுத்துவாங்களா? பகல் பூரா குடிக்கணும். படுக்கறதுக்கு முன்னாடி மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கிட்டு, பாத்ரூம் போயிட்டுப் படுத்தா போதும். தெரிஞ்சா செய்யறா? தூக்கத்துல போறது." பிறகு கேட்டார்: "வீட்டுல வேற யாருக்காவது சின்ன வயசுல இருந்துச்சா?"

[இரண்டாம் பிரதியில் அந்த அப்பா "இல்லை" என்று சொல்லிவிட்டான். அவனை எனக்குப் பிடிக்கவில்லை. கிழித்துப் போட்டேன்.]

"எனக்கு இருந்துச்சு," என்றேன். "ஒன்பது வயசு வரைக்கும்."

ஷியாமளாவுக்கே அது புதுச் செய்தி. உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்த தாரா நிமிர்ந்தாள்.

"மெத்தைய எங்க காயப் போட்டாங்க?"

"மொட்டை மாடியில."

"எல்லாரும் பாத்தாங்களா?"

"தெருவே பாத்துச்சு."

 பிறகு டம்ளரைக் காலி செய்தாள்.

4

பிறந்தநாளுக்குப் போனாள். பையில் ரப்பர் விரிப்பை மடித்து வைத்து, தித்லியின் அம்மாவிடம் தானே விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். "காகிமா, எனக்கு இப்படி ஆகும்." [வங்காளத்தில் காகிமா என்றால் சித்தி.]

இதற்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் விரிப்பு உலர்ந்திருக்கிறது. மற்றதில் தித்லியின் அம்மா சத்தமில்லாமல் விரிப்பை அலசிப் போடுகிறார். இரண்டையும் தாராவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ரெண்டும் வேணாம். அது என் விஷயம்," என்றாள்.

எடுத்துவிட்டேன். உங்களுக்குத் தோன்றியபடி முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் மறுநாள் காலை வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்டதை மட்டும் மாற்றாதீர்கள்:

"அடுத்த சனிக்கிழமையும் போகட்டுமா?"