மூன்று இலாகாவும் மயிலாத்தாளும்

மயிலாத்தாள் மாமரத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்திருந்த அன்று காலை, அவளைத் தேடிக்கொண்டு சர்க்கார் மூன்று வழியாக வந்தது.

எழுபத்தாறாம் வருஷம், மாங்காய் திரண்டுகொண்டிருந்த மாசி மாதம். கேரள எல்லைக்குள் இருக்கிற முதலமடைக்குக் கிழக்கே ஒரு தோப்பில் மயிலாவின் அப்பா குப்பண்ணன் காவலாக இருந்தார். தோப்புக்குள்ளேயே ஓர் ஓட்டு வீடு. அந்த வீட்டைத் தேடித்தான் முத்தாத்தாள் பஸ்ஸை விட்டு இறங்கி, வேகாத வெயிலில், இருபுறமும் வேலி போட்ட இட்டேரி வழியாக நடந்து வந்தாள். அவள் பிளாக் ஆபீஸின் கிராம சேவிகா. வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. குப்பண்ணனின் மனைவி கமலாத்தாளை மாதர் சங்கத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது அன்றைய திட்டம்.

வந்து பார்த்தால் மரத்தடியில் ஏற்கெனவே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். சுகாதார நிலையத்து நர்ஸ் சரஸ்வதியம்மாள். தோல்பையை வேரின்மேல் வைத்துவிட்டு, இடுப்பில் கையூன்றி அண்ணாந்து பார்த்துக் கொண்டிருந்தாள்.

"புள்ளையோட நெஞ்சைச் சோதிக்கோணும். நான் வாரப்பல்லாம் மரத்துல ஏறிக்கறா" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

முத்தாத்தாள் பதில் சொல்வதற்குள் சைக்கிள் மணி கேட்டது. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் கந்தப்பன், குடையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பொங்கலுக்குப் பிறகு மயிலா பள்ளிக்கூடத்துப் பக்கமே வரவில்லையாம். இனியும் வராவிட்டால் பெயரை எடுத்துவிட வேண்டியதுதான் என்று அப்பனிடம் கடைசியாகச் சொல்லிப் போக வந்திருந்தார். மூன்று பேரும் ஒரே தாலுக்காவில், ஒரே சர்க்காரில் சம்பளம் வாங்குகிறவர்கள். ஆனாலும் அன்றுதான் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் நின்று பார்த்தார்கள்.

மரத்தின் மேலிருந்து ஒரு பிஞ்சு மாங்காய் வந்து ஹெட்மாஸ்டரின் காலடியில் விழுந்தது. இரண்டாவது மாங்காய் இன்னும் கொஞ்சம் குறி பார்த்து வந்தது. அவர் அவசரமாகக் குடையை விரித்துக்கொண்டார்.

முத்தாத்தாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்போடேயே, வீட்டு வாசலில் சங்கடமாக நின்றுகொண்டிருந்த குப்பண்ணனிடம் போய், உங்கள் சம்சாரம் எங்கே என்று கேட்டாள். அவர் மரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கமலாத்தாளுக்குக் காசநோய். தை மாதம் பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. நர்ஸம்மாதான் சேர்த்துவிட்டார். பிள்ளை பயந்துபோகும் என்று குப்பண்ணன்தான், அம்மா பொள்ளாச்சியில் மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறாராம். அன்றிலிருந்து பையும் கையுமாக யார் வந்தாலும், ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டாலும், பிள்ளை மரத்துக்குப் போய்விடுகிறாள். பள்ளிக்கூடம் தார்ரோட்டு ஓரத்தில் இருப்பதால் அங்கேயும் போவதில்லை.

பின்னாலேயே வந்த மற்ற இருவரும் இதைக் கேட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது ஹெட்மாஸ்டருக்குத் தெரியாது. சோம்பேறிப் பிள்ளை என்று நினைத்திருந்தார். பிள்ளையிடம் இன்னமும் ஒன்றும் சொல்லவில்லை என்பது நர்ஸுக்குத் தெரியாது. முத்தாத்தாளுக்கோ எதுவுமே தெரியாது.

முத்தாத்தாள் மரத்தடிக்குத் திரும்பி வந்து, கீழே கிடந்த மாங்காயில் ஒன்றை முந்தானையில் துடைத்துக் கடித்தாள். புளிப்பு உச்சந்தலைக்கு ஏறியது.

"உப்பு வேணுங்களா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

வேண்டும் என்றாள். பாவாடை மடிப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் கீழே விழுந்தது. முத்தாத்தாள் அதைப் பிரித்துத் தொட்டுத் தின்றாள். இன்னொரு மாங்காயும் எடுத்துக்கொண்டாள். அவள் ஒன்றும் கேட்காமல் தின்றுகொண்டே இருந்தது மயிலாவுக்குப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கிளை கீழே இறங்கி வந்தாள்.

"நீங்க ஜீப்புல வந்தீங்களா?"

"இல்ல கண்ணு. பஸ்ஸுல வந்து நடந்து வந்தேன்."

மயிலா கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஜீப்புல மூஞ்சிய மூடிக் கொண்டுபோனா, அவிங்க திரும்பி வருவாங்களா?"

நர்ஸ் சரஸ்வதியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மண் ரோட்டுப் புழுதிக்கு இருமல் கூடிவிடக் கூடாது என்று, பிளாக் ஆபீஸ் ஜீப்பில் படுக்க வைத்த கமலாத்தாளின் முகத்தில் வெள்ளைத் துணியைப் போர்த்தியது அவள்தான். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அம்மா உயிரோடுதான் இருக்கிறாள், தேறி வருகிறாள் என்று மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். குப்பண்ணனும் சொன்னார். மயிலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மறுபடியும் ஒரு கிளை மேலே ஏறிவிட்டாள். பொள்ளாச்சிக் கதையைச் சொன்னதும் இதே அப்பாதானே.

கண்ணால் காட்டாமல் ஆகாது என்று முத்தாத்தாளுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் பிளாக் ஆபீஸில் ஜீப் கேட்டுப் போய் நின்றாள். ஆபீஸர் நல்ல மனிதர், ஆனால் ஜீப் என்றால் கைவிரிக்கிறவர். ஒரு குழந்தைக்கு அம்மாவைக் காட்டுவது எந்த இலாகாவின் வேலை என்று தமிழும் மலையாளமும் கலந்து கேட்டார்.

"மூணு இலாகாவுக்கும் உண்டான வேலைங்க" என்றாள் முத்தாத்தாள். "அதனாலதான் ஒருத்தரும் செய்யாம உட்டுட்டோம்."

பால்வாடிகளுக்குப் பால்பொடி மூட்டை ஏற்றிவர ஜீப் எப்படியும் பாலக்காட்டுக் கிடங்குக்குப் போகிறது, இன்னும் கொஞ்ச தூரம் போய் வந்தால் தப்பில்லை என்று கடைசியில் அவர் சம்மதித்தார். நர்ஸ் ஆஸ்பத்திரியில் பேசி, முற்றத்தில் எட்ட நின்று பார்க்கலாம் என்று அனுமதி வாங்கினாள். பெயரை எடுக்க வந்த ஹெட்மாஸ்டர் பெயரை எடுக்கவில்லை. சனிக்கிழமை பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு, தானும் கூட வருவதாகச் சொன்னார்.

எல்லாம் கூடி வந்தது. மயிலா மட்டும் ஜீப்பில் ஏற மாட்டேன் என்றாள். வண்டி தோப்புக்கு வெளியே நின்றது. அவள் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கெஞ்சியும் பார்த்தார்கள், மிட்டாயும் காட்டினார்கள். டிரைவர் பொங்கியண்ணன் பீடியை அணைத்துவிட்டு உள்ளே வந்தார். பருத்த உடம்பு, கரகரத்த குரல்.

"அம்மிணி, உங்கம்மாளக் கொண்டு போனது நாந்தான். போற வழியெல்லாம் என்னை என்ன பேச்சுப் பேசுனாங்க தெரியுமா? பள்ளம் பாத்து ஓட்டத் தெரியாதா, கண்ணு பொடனியிலயா இருக்குதுன்னு. கொல்லங்கோடு தாண்டற வரைக்கும் வாய் ஓயல."

மயிலாவின் முகம் மாறியது. மரத்தை விட்டுவிட்டு அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பொடனின்னா சொன்னாங்க?"

"பொடனின்னுதான் சொன்னாங்க."

பிடரியில் கண் என்று அப்படித் திட்டுவது அவளுடைய அம்மாவின் பேச்சேதான். செத்துப்போனவர்கள் அப்படித் திட்ட மாட்டார்கள் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஜீப்பில் ஏறினாள். முன்சீட்டுத்தான் வேண்டும் என்றாள். ஹெட்மாஸ்டர் குடையோடு பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு பெரிய வேப்பமரம். நோயாளிகளின் வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கமலாத்தாள் நின்றாள். இளைத்திருந்தாள், ஆனால் நிமிர்ந்து நின்றாள். மயிலாவைப் பார்த்ததும் வாய் திறந்தவள் சட்டென்று மூடிக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பிறகு கமலாத்தாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அத்தனை தூரத்துக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"தலைய யாரு சீவுனது?"

"அப்பா."

"அதான பாத்தேன். கோணலாக் கெடக்குது."

மயிலா சிரித்தாள். சத்தம் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குப்பண்ணனும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நர்ஸ் சரஸ்வதியம்மாள் அந்தப் பக்கம் பார்க்காமல், வார்டு டாக்டரிடம் மாத்திரை விவரம் கேட்கப் போனாள். முத்தாத்தாளுக்கு அந்த வேலைக்கு வந்து சேர்ந்த பிறகு முதல்முறையாக மனசு நிறைந்தது. தான் ஒருத்தியாக இதைச் செய்திருக்க முடியாது என்பதும் தெரிந்தது. அதில் அவளுக்குக் குறையொன்றும் தோன்றவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

திரும்பும்போது பால்பொடி மூட்டைகளின்மேல் படுத்து மயிலா தூங்கிவிட்டாள். அதற்கு முன் நர்ஸிடம் தானாகவே வந்து, நெஞ்சைச் சோதித்துக்கொள்ளச் சொன்னாள். நெஞ்சு சுத்தமாக இருந்தது. கொல்லங்கோட்டுக் கடை ஒன்றில் நிறுத்தி டீ குடித்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் கூடிப் பேசலாமே என்று அங்கேதான் ஹெட்மாஸ்டர் கேட்டார். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், இத்தனை நாளும் அதட்டித்தான் பார்த்திருக்கிறேன் என்றார். சொல்லும்போது அவர் டீயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்தது. சண்டை இல்லாமல் இல்லை. எடை பார்க்கிற தராசு எந்த இலாகாவுக்குச் சொந்தம் என்பதற்கே ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. ஆனால் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று மூன்று பேருக்கும் தெரிய ஆரம்பித்தது. இருட்டென்றால் நடுங்குகிற ஒரு பிள்ளை, தம்பியை இழந்த பிறகு சாப்பிட மறுத்த ஒரு பிள்ளை என்று பேச்சு வரும். வீட்டுக்கு யார் போவது, முதலில் என்ன சொல்வது, எதைச் சொல்லக் கூடாது என்று கூடிப் பேசி முடிவு செய்வார்கள்.

கமலாத்தாள் ஓணத்துக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்தாள். மாத்திரையை மாதாமாதம் நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். கொஞ்சம் தெம்பு வந்ததும் மாதர் சங்கத்தில் சேர்ந்து, முதல் கூட்டத்திலேயே எழுந்து, பால்பொடி கட்டி கட்டியாக இருக்கிறது, நல்லதாகக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று முத்தாத்தாளைப் பிடித்துக்கொண்டாள். முத்தாத்தாள், வெள்ளிக்கிழமை கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.