எலக்ட்ரான் கிரிவலம்

வியாழக்கிழமை சென்னையில் அறிவுச்செல்வனுக்கு விசா நேர்காணல். அது கிடைத்தால் ஜெர்மனியில் ஆராய்ச்சி வேலை. ஆனால் அவனுடைய அசல் சான்றிதழ்கள் அத்தனையும், அண்ணாமலை அடிவார ஊரில், வேங்கிக்கால் தாண்டி அவன் பாடம் நடத்தும் பொறியியல் கல்லூரியின் பீரோவில் இருந்தன. வேலைக்குச் சேரும்போதே வாங்கிப் பூட்டிவிடுவது வழக்கம். வாத்தியார்கள் ஓடிவிடக் கூடாது அல்லவா! தாளாளர் கோதண்டராமன், அரிசி ஆலை நடத்திக் கல்வித்தந்தை ஆனவர்.

“குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? திங்கக்கிழமை பௌர்ணமி கருத்தரங்கு. ஆசிரமம் பக்கம் தங்கியிருக்கிற வெள்ளைக்காரங்க வர்றாங்க. பேசிட்டு வாங்கினு போங்க. உங்க ஆராய்ச்சி இன்னாது, காந்தம்தானே?”

“தங்கத்து மேல ஒரே ஒரு கோபால்ட் அணு வைக்கிறதுங்க சார். அது குட்டிக் காந்தம் மாதிரி. கடுங்குளிர்ல தங்கத்தோட எலக்ட்ரான்லாம் அதைச் சூழ்ந்துக்கும். காந்தம் வெளிய தெரியாம போயிடும்.”

தாளாளர் கண்களை மூடிக்கொண்டார். “நடுவுல காந்தம், சுத்தி கூட்டம். கிரிவலம் சார் இது! சுத்த சுத்த காந்தம் ஜாஸ்தி ஆவுதுன்னு சொல்லிடுங்க.”

“கம்மி ஆவுதுங்க சார்.”

“சர்டிபிகேட் வேணும்ல? ஜாஸ்தி.”

வெளியே அலுவலக மேலாளர் முன்னி பேகம் கேட்டார்: “இன்னா சார், மாட்டிக்கினீங்களா?”

“ஒரு வார்த்தைதான் மேடம். சொல்லிட்டுக் கெளம்பிடுவேன்.”

“கெமிஸ்ட்ரி சாரும் போன வருஷம் கோலமாவுல வைட்டமின் இருக்குதுன்னு ஒரு வார்த்தைதான் பேசினாரு. இன்னும் இங்கதான் இருக்காரு.”

திங்கட்கிழமை மேடையில் பேனர் கட்டியிருந்தது: ‘அணுவும் அண்ணாமலையும்’. தாளாளரின் படத்துக்குக் கீழே, பாக்கியிருந்த இடத்தில் அறிவுச்செல்வன் இருந்தான். அரை மணி நேரம் உண்மையைச் சொன்னான். இரண்டு பேர் தூங்கினார்கள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “எலக்ட்ரான்கள் வலம் வர வர, அணுவின் காந்தம் பெருகுகிறது” என்றான்.

முன்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் அழுதுவிட்டார். கிரிவலக் கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் செங்கம் சாலை விடுதிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெட்கமாக இருந்தாலும் அவன் லேசாகக் குனிந்து வணக்கம் வைத்தான்.

தாளாளர் மைக்கைப் பிடுங்கினார். “இந்த சாரை இனிமே எந்த நாட்டுக்கும் வுட மாட்டோம்! அண்ணாமலை காந்த ஆய்வு மையத்துக்கு இவர்தான் டைரக்டர்!”

அவன் மாலையோடு அலுவலகத்துக்கு ஓடினான். பீரோ காலி. முன்னி பேகம் எதிர் அறையைக் காட்டினார். வாசலில் ‘டைரக்டர்’ என்று புதுப் பலகை. உள்ளே சுவரில், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி முனைவர் பட்டம் வரை, எல்லாம் லேமினேட் செய்யப்பட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள், ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தன.

“காலையிலயே அடிச்சிட்டாங்க சார்.”

பின்னாலேயே வந்த தாளாளர் அவன் தோளில் கை போட்டார்.

“சார், வியாழக்கிழமை எனக்கு விசா...”

“வியாழக்கிழமையா? நல்ல நாளாச்சே! அன்னிக்கே மையத்தைத் தொறந்துடலாம்.”