மடித்த இலை

தீபலட்சுமிக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் தூக்கம் பிடிக்காது. இப்போது அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது செவலை. பந்தல்குடி ரோட்டில் லாரி இடித்துக் கால் ஒடிந்து கிடந்த நாய். அடிபட்ட நாய்களைத் தூக்கிவந்து வைத்தியம் பார்க்கும் ராஜகுரு, அதைக் குணமாக்கி, அருப்புக்கோட்டையில் அவள் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தான்.

வரவேற்பில் குறை ஒன்றும் இல்லை. மூலையில் சாக்கு, அதன்மேல் போர்வை, பளபளவென்று புதுத் தட்டு. கறிச்சோறு, பால்சோறு, முட்டை என்று மூன்று நாளாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டாள். செவலை தண்ணீர் மட்டும் குடித்தது. தட்டைப் பார்க்கும், அவளைப் பார்க்கும், தலையைத் திருப்பிக்கொள்ளும். அது பட்டினி கிடக்கையில் இவளுக்கு மட்டும் சோறு இறங்குமா? வெறும் காப்பியோடு சரி.

"நாளைக்கும் திங்கலைன்னா நான் கூட்டிட்டுப் போயிர்றேன்க்கா. இங்க நாங்க சாப்ட்டுப் போட்ட மிச்சத்தையே நல்லாத் தின்னுச்சு. எடம் பிடிக்கலை போல," என்றான் ராஜகுரு போனில். அவளுக்குச் சுருக்கென்றது. மகள் கல்யாணமாகிப் போன பிறகு அந்த வீட்டில் அவள் வாய் திறந்து பேசியதே இந்த மூன்று நாளில்தான்.

மறுநாள் காலை பஸ் ஏறிப் பந்தல்குடியில் இறங்கினாள். செவலை அடிபட்ட இடத்துக்கு எதிரே மதார் மைதீனின் புரோட்டாக் கடை.

"ஏன் பாய், இங்க ஒரு செவலை நாய் கெடந்துச்சே, அது என்னதான் திங்கும்?"

"எதுனாலும் திங்கும் தாயி. ஆனா ஆளு சாப்ட்டு, இலைய மடிச்சுப் போட்டாத்தான் கிட்ட வரும். குட்டியா இருக்கையில விரிச்ச இலையில வாய வச்சு, நல்லா அடி வாங்கிருச்சு."

மத்தியானம் செவலைக்கு எதிரே இலை விரித்து உட்கார்ந்தாள். சோறும் முட்டைக் குழம்பும். மூன்று நாள் பசி, அள்ளி அள்ளித் தின்றாள். செவலையின் கண் அவள் கை போன வழியெல்லாம் போனது. பாதிச் சோற்றோடு இலையை மடித்து அதன் முன்னால் தள்ளிவிட்டுக் கை கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது செவலை மூக்கால் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தது. பிரித்துவிட்டு ஒருமுறை அவளைப் பார்த்தது. பிறகு நிமிரவே இல்லை.

"அடி கூறுகெட்டவளே," என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அது சாப்பிடட்டும் என்று இவள் பட்டினி. இவள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று அது பட்டினி. கண்ணைத் துடைத்துக்கொண்டு ராஜகுருவுக்குப் போன் போட்டாள்.

"நீ வர வேணாம்ப்பா. நாங்க ரெண்டு பேரும் சாப்ட்டோம்."