தம் புடி என்றார் புஷ்பவள்ளி

1

இது கேட்டு வாங்கப்பட்ட கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வருத்தப்படக் கூடாது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தைக் கவனிக்கும் பேராசிரியர் சிவசுப்ரமணியன், 2008 தீபாவளி முடிந்த கையோடு கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டுக்கு வந்தார். மாணவர் மலருக்குப் புகையிலை விழிப்புணர்வுக் கதை ஒன்று வேண்டும் என்றார்.

"பையன் சிகரெட் புடிக்கணும் சார். நுரையீரல் புற்றுநோய் வரணும். கடைசிப் பக்கத்துல செத்துடணும். அப்பத்தான் நம்ம பசங்க பயப்படுவாங்க."

ஓட்டலில் மூன்று இட்லி ஒரு வடை சொல்வது மாதிரிச் சொன்னார். நானும் சரி என்றுவிட்டேன். வீடு தேடி வந்து கதை கேட்பவர்கள் எனக்கு அதிகம் இல்லை.

2

முதல் தொடக்கம்: "சுருள் சுருளாக எழுந்த புகையில் எமனின் முகம் மெல்ல மெல்ல..."

வேண்டாம். அரியர் பேப்பருக்கே பயப்படாதவர்கள் எமனுக்கா பயப்படப் போகிறார்கள்?

இரண்டாம் தொடக்கம்: "நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகைபிடித்தல். பக்கத்தில் நின்று அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. ஆகவே மாணவச் செல்வங்களே..."

எல்லாம் உண்மை. ஆனால் 'மாணவச் செல்வங்களே' என்று எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

3

ஆகவே ஆளைப் பிடிப்போம். பெயர் சகாய ஆனந்த். கடலூர்ப் பையன், சிதம்பரத்தில் விடுதியில் தங்கி பி.காம். படிக்கிறான். அப்பா சந்தியாகு, சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஃபிட்டர்.*

[* தீப்பெட்டியை கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் அவர் உள்ளே போக வேண்டும். வெளியே வந்ததும் முதல் வேலை அதை வாங்கிப் பற்றவைப்பது. ஆனால் அவர் இந்தக் கதையில் துணைப் பாத்திரம்தான். அப்படித்தான் நினைத்திருந்தேன்.]

பையன் ஏன் சிகரெட் பிடிக்கிறான்? காதல் தோல்வி வைக்கலாமா என்று பார்த்தேன். அவனுக்குக் காதலே இல்லை. "ஒரு இழுப்பு இழு மச்சான், ஒண்ணும் ஆவாது" என்று ஒருவன் நீட்டினான், இவன் வாங்கினான். அவ்வளவுதான். அந்த அக்டோபரில் பொது இடத்தில் புகைக்கத் தடை வந்த பிறகு, டீக்கடைக்கு முன்னால் நின்று பிடித்தவர்கள் பின்னால் போய் நின்று பிடித்தார்கள். சட்டத்தை மதிக்கிற பிள்ளைகள்.

இருமல் வந்தது. மூன்று வாரமாகியும் போகவில்லை. அப்பா பஸ் ஏறி வந்து மகனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். டாக்டர் பிரியம்வதா மார்புக்கு எக்ஸ்ரே எழுதிக்கொடுத்தார்.

சட்டையைக் கழற்றிவிட்டுப் பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றான் சகாயம். அப்பா வாசலில். கதவைச் சாத்துமுன் எக்ஸ்ரே எடுக்கும் புஷ்பவள்ளி ஒரு ஒத்திகை பார்த்தார்.

"நல்லா இழு தம்பி. ம்... தம் புடி."

"தம்மா? மாதா சத்தியமா அந்தப் பழக்கமே எனக்கு இல்லக்கா!"

"அட ஏம்ப்பா, மூச்ச நிறுத்துன்னு சொன்னேன்."

எங்கள் பக்கத்தில் மூச்சுக்கும் தம் என்றுதான் பெயர், மூச்சைக் கெடுப்பதற்கும் தம் என்றுதான் பெயர். பையன் அங்கே மாட்டிக்கொண்டான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். அப்பன் குதிருக்குள் இல்லை, வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

4

படத்தில் ஒன்றும் இல்லை. "சளிதான். ஆனா சிகரெட்ட இன்னைக்கே விட்டுடு. இப்ப விட்டா உடம்பு தானா சரி பண்ணிக்கும். வருஷக்கணக்கா ஊதினாத்தான் ஜாஸ்தி ஆபத்து" என்றார் டாக்டர்.

பேராசிரியருக்கு போன் செய்தேன். "சார், பத்தொன்பது வயசுல நுரையீரல் புற்றுநோய் வர்றது ரொம்ப அபூர்வம். பையன் சாக மாட்டேங்கிறான்."

"கதைதான சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க."

பண்ணிப் பார்த்தேன். 'சகாய ஆனந்த் இரத்தம் கக்கி' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். மாதா மேல் பொய்ச் சத்தியம் செய்கிற அந்த முட்டாள் பயலை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

சரி, அப்பாவாவது நாலு வார்த்தை திட்டட்டும் என்று விட்டேன்.

"இன்னாடா, படிக்கத்தான உன்ன அனுப்புனேன்? உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா இன்னாவா..."

வாக்கியத்தை நான் கைவிடவில்லை. அவரால் முடிக்க முடியவில்லை. இருமல். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருமினார். கைக்குட்டையைப் பார்த்து, மடித்து, உள்ளே வைத்துக்கொண்டார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு எத்தினி நாளா இருக்கு?"

"அது கெடக்குது மேடம், வருஷமா. இவன பாருங்க."

"இவன பாத்தாச்சு. நீங்க போய் ஒரு படம் எடுத்துட்டு வாங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் புஷ்பவள்ளியின் குரல் கேட்டது. தம் புடிங்க. பிறகு இருமல். மறுபடியும் தம் புடிங்க. மறுபடியும் இருமல். இந்த முறை சகாயத்துக்கு அந்தச் சொல் சரியாகவே புரிந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டான்.

5

இப்போது இருவரும் வெளியே பெஞ்சில் இருக்கிறார்கள். படம் டாக்டரிடம் போயிருக்கிறது.

முடிவு அ: ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகிறார்கள்.

முடிவு ஆ: ஒரு நிழல். சென்னைக்கு எழுதிக்கொடுக்கிறார்கள். சகாயத்தின் அம்மா இன்னாசிமேரியிடம் யார் சொல்வது என்று அப்பனும் பிள்ளையும்...

எனக்கு இரண்டையும் எழுத மனம் வரவில்லை. எழுதினாலும் பயனில்லை. அந்தப் படத்தில் இருப்பதை சந்தியாகு இத்தனை வருடமாகத் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே நின்று ஊதியே எழுதி முடித்துவிட்டார். நானோ நீங்களோ இனி அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. சந்தியாகு காலிச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறார். பயம்தான். பயம் வந்தால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மகன் முகத்தைப் பார்க்காமல் மெல்லக் கேட்கிறார்.

"டேய் சகாயம். உங்கம்மா காலையில என் பாக்கெட்ட புடுங்கி வச்சிக்கினா. உன்கிட்ட ஒண்ணு இருக்கும்ல? குடு. வெளிய போயி புடிச்சிட்டு வந்துடறேன்."

இருக்கிறது. சகாயத்தின் கை பேன்ட் பைக்குள் போகிறது.

பேராசிரியர் மன்னிக்கவும். நான் இங்கே பேனாவை மூடுகிறேன். அந்தக் கை இன்னும் பைக்குள்தான் இருக்கிறது. இந்த மலரைப் படிக்கும் பிள்ளைகளே, அது உங்கள் வயதுக் கை. அதை நீங்களே வெளியே எடுங்கள்.