வடக்குச் சுவரில் இருந்த படகு

கெசியாவின் புருஷனுக்குக் கல்லறை இல்லை. ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போன ஜோனாவைக் கடல் திருப்பித் தரவேயில்லை. அவளுக்கு மிஞ்சியது ஊர் மாதா கோயிலின் வடக்குச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கீறிய ஒரு படகு. புதுப் படகில் ஏறுமுன் அதன் உருவத்தைச் சுவர்ப் பூச்சில் ஆணியால் கீறிவிட்டுப் போவது இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரைக்காரர்களின் வழக்கம். ஜோனா கீறிய பாய்மரம் கோணல். ஞாயிறுதோறும் அதை விரலால் தொட்ட பிறகுதான் அவள் உட்காருவாள்.

அந்தப் பூச்சைத்தான் சுரண்ட வந்திருந்தார் லண்டன் கட்டடக் கலைஞர் லாம்போர்ன். கோயிலை அறுநூறு வருஷத்துக்கு முன்பு இருந்தபடியே ஆக்கப்போகிறாராம். கூடவே இருந்து பார்த்தவர் மாதிரிதான் பேச்சு.

"ஐயா, அந்த ஒரு சாண் இடத்த மட்டும் விட்டுடுங்க. என் வீட்டுக்காரரு கை பட்ட இடம்" என்று கெசியா கெஞ்சினாள்.

"ஆளுக்கு ஒரு சாண் விட்டா நான் எங்கம்மா சுரண்டறது? அது வெறும் கிறுக்கல். உள்ள இருக்கிற கல்லுதான் நெஜம்."

பாதிரியார் கூரையைப் பார்த்தார். அவர் எப்போதும் அப்படித்தான்.

நாலு நாள் மீன் அரியும் வேலைக்குப் போய்விட்டுச் சனிக்கிழமை வந்தாள். சுவர் தோலுரித்த ஆடு போல நின்றது. கரடுமுரடான கல், இடையில் கூழாங்கல். பூச்சு எங்கே என்று கேட்டாள். கொத்தனார் ஓபெட் வாசலைக் காட்டினார். அங்கே சேற்றுப் பள்ளத்தை வெள்ளைத் தூளால் நிரப்பியிருந்தார்கள். அதை மிதித்துக்கொண்டுதான் அவள் உள்ளே வந்திருந்தாள்.

காலில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளைக் குனிந்து விரலால் வழித்தாள்.

"கட்டினவன் இந்தக் கல்ல வெளிய காட்டவே இல்ல கெசியா. அன்னிக்கே பூசிட்டான். நாங்க பேத்தது அவனோட பூச்சத்தான்" என்றார் ஓபெட்.

"தெரிஞ்சுமாய்யா கை வெச்ச?"

"லண்டன்காரருகிட்ட சொன்னேன். நீ எனக்குப் பாடம் எடுக்கறியான்னாரு."

அறுநூறு வருஷத்தில் ஒருநாளும் இல்லாத கோலத்தைப் பழைய கோலம் என்று நிறுத்திவிட்டுப் போகிறான் படுபாவி!

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அந்தச் சுவரில் பித்தளைத் தகடு ஒன்றைத் திறந்துவைத்தார்கள். பாதிரியார் உரக்க வாசித்தார்: "1874. இக்கோயில் அதன் ஆதி வடிவுக்கு மீட்கப்பட்டது. மீட்டவர் எட்மண்ட் லாம்போர்ன்."

கெசியா எழுந்து போனாள். மடியில் கொண்டுவந்திருந்த மீன் அரியும் கத்தியை எடுத்து, ஊரே பார்க்க, அந்தப் பெயரின் மேலேயே கீறினாள். பித்தளை கிறீச்சிட்டது. படகு வந்தது, கோணல் பாய்மரமும் வந்தது.

"என்ன காரியம் பண்றே!" என்று லாம்போர்ன் ஓடிவந்தார்.

"கிறுக்கல்தானே ஐயா, சுரண்டிக்கோங்க" என்றாள் கெசியா. "உங்க பேரும் சேந்துதான் போகும்."